இடம் மாறாத டோராஜி

டோராஜிச் செடிக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. ஒரே மண்ணில் மூன்று வருஷத்துக்கு மேல் விட்டால் வேர் அழுகிப்போகும். பெயர்த்துப் புது மண்ணில் நட்டால் இன்னொரு மூன்று வருஷம் தாங்கும். பிறகு மறுபடி பெயர்க்க வேண்டும். அப்படிப் பெயர்த்துப் பெயர்த்து இருபது வருஷம் கொண்டுபோய்விட்டால், அந்த வேருக்கு முன்னால் மருந்து வேர்களுக்கு ராஜாவான ஜின்செங்கும் கைகட்டி நிற்க வேண்டும் என்பார்கள் கொரியாவின் காங்வோன் மலைக்காரர்கள். சொல்வார்களே தவிர, செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குனிந்து நிமிர யாருக்கு முதுகு இருக்கிறது? மூன்றாம் வருஷமே தோண்டி, உப்புப் போட்டுப் பிசைந்து கசப்பை எடுத்து, மிளகாய் விழுதில் பிரட்டிச் சோற்றோடு தின்று தீர்த்துவிடுவார்கள்.

ஒக்சிம் கொண்டுபோனாள். இருபதைத் தொட இரண்டு வருஷம்தான் பாக்கி இருந்தது.

அவள் ஒன்றும் செடிகொடி என்றால் உருகுகிறவள் அல்ல. மலைச்சரிவில் காட்டைக் கொளுத்தி மக்காச்சோளமும் உருளையும் போட்ட குடும்பத்தில் பிறந்தவள். பனி உருகுகிற நேரத்தில் வீட்டில் உருளைக்கிழங்கும் தீர்ந்துபோகும். அப்போது அவளும் அவள் அம்மாவும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு டோராஜி தோண்டப் போவார்கள். கோடையில் நீலமும் வெள்ளையுமாக அது எங்கே பூத்திருந்தது என்று நினைவு வைத்திருந்தால்தான் வேர் கிடைக்கும். அந்தப் பருவத்தில் தண்டெல்லாம் காய்ந்து ஒடிந்து, மண்ணுக்கு மேலே ஓர் அடையாளமும் இருக்காது. பூக்கும் முன்னால் மொட்டு காற்றடைத்த பைபோல உப்பி நிற்கும். மற்றப் பிள்ளைகள் அதை விரலால் நசுக்கி 'பட்'டென்று வெடித்து விளையாடுவார்கள். ஒக்சிம் வெடித்தால் முதுகில் ஒன்று விழும். மொட்டை உடைத்தால் விதை ஏது, விதை இல்லாவிட்டால் அடுத்த வேர் ஏது என்பாள் அம்மா.

கல்யாண வயசு வந்ததும் அவளைப் பில்ஜேவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, வீட்டில் மூன்று வேளையும் அரிசிச் சோறு. அரிசி என்று கேட்டதும் அவள் அப்பா மாப்பிள்ளையின் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது, முக்கால்வாசி கரிதான். ஊரே அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னால் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஓடைக்குக் கறுப்புதான் பூசுவார்கள். வெள்ளைத் துணியை வாசலில் காயப்போட்டால் எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். பில்ஜே நல்லவன். அதிகம் பேசமாட்டான், சம்பளத்தன்று மட்டும் கொஞ்சம் குடிப்பான், கரித்தூசியைக் கழுவிவிடும் என்று நம்பிப் பன்றிக்கொழுப்பு தின்பான். கழுவவில்லை. அந்த ஊரில் யாருக்கும் அது கழுவிவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சுரங்கக்காரன் பெண்டாட்டி எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் பக்கத்து வீட்டு மல்ஜா. நாலைந்து வயசு மூத்தவள். பெண் போதும் என்று அவள் அப்பன் சாமிக்கு மனுப்போட்டு வைத்த பெயர் அது. சாமி காதில் விழவில்லை, மல்ஜாவுக்குப் பின்னாலும் இரண்டு தங்கைகள். வாய்த் துடுக்குக்காரி. அவள் சொன்ன விதிகள் இவை: ஆண்கள் முதல் ஷிப்டுக்குப் போகும்போது பெண்கள் பாதையில் குறுக்கே போகக் கூடாது. காலையில் கெட்ட கனாவைச் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே செருப்பு. ஆள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குழிக்குப் போனதும், வீட்டில் போடும் ரப்பர் செருப்பை வாசல் கல்லில் மூக்கு உள்ளே பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். வீட்டைப் பார்த்துத் திரும்பிய செருப்பு, வீட்டுக்குத் திரும்பி வரும் ஆள். மூக்கு தெருவைப் பார்த்துக் கிடந்தால் அவன் தெருவோடு போய்விடுவான்.

ஒக்சிம் ஒரு நாளும் தவறவிடவில்லை. ஜுரத்தில் கிடந்தபோதுகூடத் தவழ்ந்து வந்து திருப்பி வைத்தாள்.

மகள் மிரன் நடை பழகிய வருஷம் குழிக்குள் கூரை சரிந்தது. மல்ஜாவின் புருஷன் சாங்குன் உள்ளே மாட்டிக்கொண்டான். உடம்பை வெளியே கொண்டுவரவே வெகு நேரம் ஆயிற்று. ஊர்ப் பெண்கள் மல்ஜாவின் வாசலில் கூடி அழுதார்கள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது ஒருத்தி பார்த்தாள், வாசல் கல்லில் சாங்குனின் செருப்பு மூக்கு தெருவைப் பார்த்துக் கிடந்தது. அவள் பக்கத்தில் இருந்தவளைத் தொட்டுக் காட்டினாள். அவள் இன்னொருத்தியைத் தொட்டாள். ஒக்சிமும் பார்த்தாள். உலைவாயை மூட மூடி உண்டு, ஊர்வாயை மூட மூடி ஏது? எல்லோருக்கும் விதி சொல்லிக் கொடுத்தவளே திருப்பி வைக்க மறந்துவிட்டாள் என்று ஆனது. திமிர் என்றார்கள். முதல்நாள் ராத்திரி புருஷனோடு சண்டை, அதனால்தான் வேண்டுமென்றே விட்டுவிட்டாள் என்றுகூட ஒரு பாவி சொன்னாள். திருப்பித்தான் வைத்தேன் என்று மல்ஜா ஒரே ஒரு தடவை சொன்னாள். யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கம்பெனி அவளுக்குக் கரி பொறுக்கும் கொட்டகையில் வேலை கொடுத்தது. ஓடும் பட்டையிலிருந்து கரியையும் கல்லையும் பிரிக்கும் வேலை. அந்தக் கொட்டகையில் நின்ற பெண்கள் எல்லோருமே அப்படி வந்தவர்கள்தான். புருஷன் போனால்தான் பெண்டாட்டிக்கு அங்கே இடம்.

ஒக்சிம் அவளை ஒதுக்கவில்லை. இதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். முட்டைக்கோஸ் ஊறவைத்துக் கிம்ச்சி போட்டால் ஒரு பானை மல்ஜாவுக்கு, உருளை வெந்தால் ஒரு கிண்ணம் மல்ஜாவுக்கு. மல்ஜாவும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆனால் வாசல் வழியாக வருவதை நிறுத்திவிட்டாள். பின்பக்கம் சுற்றி, அடுப்படிக் கதவு வழியாக வருவாள். பில்ஜேயின் செருப்பு கிடக்கும் கல்லின் பக்கம் அவள் கால் படவே இல்லை. அப்படி வா என்று ஒக்சிம் சொன்னதில்லை. ஏன் இப்படி வருகிறாய் என்றும் கேட்டதில்லை. கேட்காதது அவளுக்கு வசதியாக இருந்தது.

பில்ஜேவுக்கு இருமல் வந்தது அதற்கெல்லாம் பிறகு. முதலில் காலையில் மட்டும் இருமினான், அப்புறம் சிரித்தால் இருமினான், அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டான். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் தூசி படிந்து கல்லாய்ப் போயிருக்கிறது, கரைக்க மருந்து கிடையாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார். கரைக்க மருந்து கிடையாது என்று ஒருவர் சொன்னதும் கேட்டுக்கொண்டு வருகிற பெண் உலகத்தில் எங்கே இருக்கிறாள்? மறுநாளே ஒக்சிம் மலையேறினாள். அவள் அப்பா கொளுத்திப் பயிரிட்ட சரிவு காடாகிக் கிடந்தது. அங்கே வெள்ளைப்பூ டோராஜி நின்ற மூலை அவளுக்கு நினைவிருந்தது. நெஞ்சுக்கு வெள்ளைதான் உசத்தி. இளவேராகப் பார்த்துப் பெயர்த்து, ஈரப் பாசியில் சுற்றி, முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

அன்றாடத்துக்கு வேறு பாத்தி போட்டாள். அதிலிருந்து தோண்டியதைப் பேரிக்காயும் இஞ்சியும் இலந்தையும் சேர்த்துக் காய்ச்சித் தினம் கொடுத்தாள். காயவைத்துப் பொடித்துத் தேனில் குழைத்தாள். அதில் இருமல் கொஞ்சம் இளகும், ராத்திரி தூங்குவான். ஆனால் மலையிலிருந்து கொண்டுவந்த அந்த வெள்ளைப்பூ வேர்களை மட்டும் தொடவிடவில்லை. அவை இருபது வருஷத்துக்கு. அது அவளுடைய வேண்டுதல். இந்த வேர் இருக்கிற வரைக்கும் இந்த ஆளும் இருப்பான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று பயம். பில்ஜேவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. கூடவே படுத்துக் கிடக்கிறவனிடம் எதைத்தான் மறைக்க முடியும்?

"நீ எனக்காக அதை வளக்கறியா, இல்ல அதுக்காக என்னை வளக்கறியா?" என்பான்.

"ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். வாயை மூடிட்டுக் குடிங்க."

கரிக்கு மவுசு போயிற்று. சுரங்கத்தை மூடினார்கள். வரிசை வரிசையாக வீடுகள் காலியாயின. சட்டியும் கம்பளியுமாக லாரியில் ஏறிப் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் காலியாகக் காலியாக டோராஜிக்கு இடம் பெருகியது. முதல் மூன்று வருஷம் சொந்தக் கொல்லை, அடுத்தது முன்வீட்டு முற்றம், அதற்கடுத்தது சாராயக்கடைக்குப் பின்னால், அப்புறம் ஆளில்லாத இரண்டு கொல்லைகள் மாறி, கடைசியில் இடிந்த குளியல் கூடத்தின் ஓரம். நேற்றுவரை மனிதர்கள் சண்டை போட்ட இடத்திலெல்லாம் கோடையில் வெள்ளையாகப் பூத்தது. மிரன் படித்து வேலை தேடிப் பட்டணம் போனாள். மேல்வரிசையில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு வீடுகள்: ஒக்சிமுடையது, மல்ஜாவுடையது. ஒருத்திக்கு நோயாளியை நகர்த்த முடியவில்லை. இன்னொருத்திக்குப் போக இடம் இல்லை.

பில்ஜே வேலையை விட்டபின்னும், வெளியே போகாமல், அடியில் அடுப்புச்சூடு ஓடும் தரையில் சுருண்டு கிடந்தபோதும், அவன் செருப்பு வாசல் கல்லில் உள்ளே பார்த்தபடியேதான் இருந்தது. நகர்ந்தால்தானே திரும்பி வர? ஆனால் ஒக்சிம் தினமும் காலையில் அதைத் துடைத்து, மூக்கை ஒரு தட்டுத் தட்டி நேராக்கிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

பதினெட்டாம் வருஷத்துக் குளிர்காலத்தின் கடைசியில் பில்ஜேவுக்குச் சளிக்காய்ச்சல் கண்டது. மலையடிவாரத்து ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கில் குழாய், கையில் ஊசி. ஒக்சிம் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டுக்கொண்டாள். அவனுடைய ரப்பர் செருப்பையும் எடுத்து வந்திருந்தாள். கட்டிலுக்கடியில் வைத்தாள். எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. கட்டிலைப் பார்த்து வைத்தால் கட்டிலோடு இருந்துவிடுவான், கதவைப் பார்த்து வைத்தால் போய்விடுவான். கடைசியில் ஜன்னல் வழியாக மலை எங்கே தெரிகிறது என்று பார்த்து, அந்தத் திசைக்குத் திருப்பி வைத்தாள். வார்டைப் பெருக்க வரும் பெண் அதைத் தினமும் கலைப்பாள். ஒக்சிம் தினமும் சரிசெய்வாள்.

அது டோராஜியைப் பெயர்க்க வேண்டிய வசந்தம். மூன்று வருஷம் முடிந்திருந்தது. மண் இளகிய பிறகு, குருத்து விடுவதற்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டும். ஒக்சிமுக்கு நினைப்பெல்லாம் அங்கேதான் இருந்தது. எழுந்து போகலாம் என்று நினைக்கிற நாளிலெல்லாம் காய்ச்சல் ஏறும், அல்லது மூச்சுக்கு மார்பு தூக்கிப்போடும். அப்படி ஒரு நாள் மல்ஜா பஸ் பிடித்து வந்தாள். கிம்ச்சிப் பானையைத் துணியில் கட்டிக்கொண்டு, வார்டுக்குள் வராமல் நடைபாதையிலேயே நின்றுகொண்டு ஆள்விட்டுக் கூப்பிட்டாள்.

"மண்ணு எளகிருச்சுடி. இந்த வாரம் மாத்தி நட்டாத்தான் உண்டு. மேல பழைய சோளக்கொல்லையைக் கொத்தி வெச்சிருக்கேன், கல்லெல்லாம் பொறுக்கியாச்சு. நீ 'உம்'னு ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே பேத்து நட்டுடறேன்."

மல்ஜாவின் கைக்கு அது ஒரு வேலையே இல்லை. ஒரு சல்லிவேர் அறாமல் பெயர்ப்பாள். ஒக்சிமின் வாய் சரி என்று சொல்லத்தான் திறந்தது. அந்த நேரம் பார்த்து அவள் கண்ணுக்கு முன்னால் அந்த வாசல் கல் வந்து நின்றது. தெருவைப் பார்த்துக் கிடந்த செருப்பு. புருஷனைத் தெருவுக்கு அனுப்பிய கை. பில்ஜேயின் உயிரை முடிந்து வைத்திருக்கிற வேரை அந்தக் கை தொடுவதா? இத்தனை வருஷத்துச் சிநேகமும் அந்த ஒரு நினைப்புக்கு முன்னால் நிற்கவில்லை.

"வேண்டாங்க்கா. நானே வந்து பாத்துக்கறேன்."

"நீ எங்கேருந்து வருவ? ஆணியடிச்ச மாதிரி இங்க உக்காந்திருக்க."

"வந்துருவேன். நீங்க தொட வேண்டாம்."

தொட வேண்டாம் என்ற சொல் வந்திருக்க வேண்டியதில்லை. வந்துவிட்டது. மல்ஜா தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். கரி பொறுக்கிய கை, ரேகைக்குள் இன்னும் கறுப்பு இருந்தது. கோபப்படவில்லை.

"சரி. கிம்ச்சியை மூடியே வை. நாத்தம் தாங்காம பக்கத்துப் படுக்கைக்காரன் செத்துகித்து வெக்கப் போறான்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

ஒக்சிம் போகவில்லை. போக முடியவில்லை. குருத்து விட்டுவிட்டது என்று தெரிந்தபோது, இனிமேல் அசைக்கக் கூடாது, இலை பழுத்த பிறகு பெயர்த்துக்கொள்ளலாம், ஒரு கோடை தாங்காதா என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். அந்தக் கோடையில் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. ஆஸ்பத்திரி ஜன்னலில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஊற ஊற என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் ஊர்ப்பக்கம் போகவே இல்லை.

மலையில் இலை சிவந்தபோது டாக்டர், பட்டணத்திலிருந்து வந்திருந்த மிரனைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பா ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம்தான். மிரன் அழுதுகொண்டே அம்மாவிடம் வந்தாள். இன்னும் எதற்கம்மா காத்திருக்கிறாய், யாருக்காக வைத்திருக்கிறாய், போய்த் தோண்டு என்றாள். ஒக்சிம் மகளை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். இருபதாவது பதினெட்டாவது, இனிமேல் எண்ணி என்ன ஆகப்போகிறது, இருப்பதைக் காய்ச்சிக் கொடுத்துவிடுவோம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

அன்றாடத்துக்குப் போட்ட பாத்தியை மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. குளியல் கூடத்தோரம் தண்டுகள் காய்ந்து நின்றன. முதல் செடியைப் பிடித்து மெல்ல அசைத்தாள். டோராஜி வேர் லேசில் வராது, மண்ணோடு மல்லுக்கு நிற்கும். இது கேட்பதற்கு முன்னாலேயே கையோடு வந்துவிட்டது. நுனியில் ஒன்றும் இல்லை. களைக்கொத்தால் தோண்டினாள். பழுப்பாய்க் கூழாகிக் கிடந்தது. தோல் மட்டும் காலிப் பை மாதிரி சுருங்கி இருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அழுகின முட்டைக்கோஸ் வாடை மூக்கில் ஏறியது. எங்கோ ஒன்றிரண்டு கெட்டியாக அகப்பட்டன. கிள்ளிப் பார்த்தால் நடுவில் கறுப்பு. டாக்டர் காட்டிய நெஞ்சுப் படம்தான் அவள் நினைவுக்கு வந்தது. பாத்தி முழுவதையும் புரட்டிப் போட்டாள். புரட்ட இனி மண் இல்லை என்றானபோது அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். தான் அவனைக் கொன்றுவிட்டதாகவே அவளுக்குப் பட்டது.

பாத்திக்கு வெளியே மல்ஜா வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. வரப்பைத் தாண்டி உள்ளே கால் வைக்கவில்லை. அழுது ஓயும்வரை நின்றாள். பிறகு தன் வீட்டுப் பக்கம் போய், ஒரு கூடையோடு திரும்பி வந்தாள். ஓடையோரம் அவள் போட்டிருந்த பாத்தியில் அப்போதுதான் தோண்டிய வேர்கள், ஈரமண்ணோடு இருந்தன. சாதாரண மூன்று வருஷத்து வேர்.

"இதைக் காய்ச்சிக் குடு. அந்த மனுஷனுக்குக் குடிச்சோம்னு இருக்கட்டும்."

கூடையை நீட்டியவள் பாதியில் நிறுத்தினாள்.

"என் கை பட்டது. பரவால்லியா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் ஒக்சிமை அறுத்தது. அவள் எழுந்து, மண் அப்பிய கைகள் இரண்டையும் நீட்டிக் கூடையை வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே பேரிக்காய் போட்டுக் காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். மிரனைச் சாப்பிட அனுப்பிவிட்டு, பில்ஜேயின் தலையைத் தன் தோளில் சாய்த்துக் கிண்ணத்தை வாயருகே பிடித்தாள்.

"தோண்டிட்டியா?" என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"தோண்டிட்டேன். ரெண்டு வருஷம் முன்னப்பின்ன இருந்தா என்ன, குடிங்க."

ஒரு வாய் குடித்தான். இளைப்பாறினான். இன்னொரு வாய். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ருசி பார்த்தான். பிறந்ததிலிருந்து டோராஜி தின்று வளர்ந்த ஆள், அவனை யார் ஏமாற்ற முடியும்?

"மல்ஜா அண்ணி தோட்டத்துதா?"

அவள் பிளாஸ்கின் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"அவங்க சாம்பல் நெறைய போடுவாங்க. கசப்பு கம்மியா இருக்கும்." மூச்சு வாங்கினான். "அப்ப நம்முளுது போச்சு."

பொய் சொல்லத்தான் வந்திருந்தாள். முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மல்ஜா வந்து கேட்டதை, தான் தொட வேண்டாம் என்றதை, ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை. அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு எப்படிங்க அவங்க கையில் கொடுப்பேன் என்று அழுதாள்.

பில்ஜே கூரையைப் பார்த்தபடி மூச்சைச் சேர்த்துக்கொண்டான்.

"அன்னிக்கு ஆபீஸ்ல என்னைத்தான் ஓடச் சொன்னாங்க" என்றான். "பக்கத்து வீடாச்சேன்னு. மொத ஆளா அந்த வாசல்ல போய் நின்னது நான்தான். செருப்பு உள்ள பாத்துத்தான் இருந்துச்சு. ரெண்டும். நேரா, ஜோடியா."

ஒக்சிம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னதும் அண்ணி விழுந்தடிச்சு வெளிய ஓடினாங்க. பின்னால ஊரே வந்து மிதிச்சுது. யார் கால் பட்டுத் திரும்புச்சோ."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல? அந்த மனுஷி எத்தனை பேச்சு வாங்கினா..."

"சொல்லியிருந்தா?" அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "மறுநாள் காலைல நீ எதை நம்பி என்னை அனுப்பியிருப்ப?"

உள்ளே பார்த்துக் கிடந்த செருப்பும் சாங்குனைத் திருப்பிக் கொண்டுவரவில்லை என்று தெரிந்திருந்தால், அத்தனை வருஷத்துக் காலைகளில் ஒன்றைக்கூட அவள் தாண்டியிருக்க மாட்டாள். அவள் தூங்குவதற்காக இன்னொருத்தியைப் பழி சுமக்க விட்டிருக்கிறான் இந்த ஆள். நல்லவன்தான். நல்லவர்கள் செய்கிற பாவம் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

"மிச்சத்தையும் குடு" என்றான். கிண்ணம் காலியாகும்வரை குடித்தான். நன்றாயிருக்கிறது என்றான். கட்டிலுக்கடியில் செருப்பு மலையைப் பார்த்து இருந்தது. அன்றைக்கு அவள் அதைத் தொடவில்லை.

முதல் பனி விழுந்த வாரத்தில் பில்ஜே போய்விட்டான்.

அடக்கம் முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்து, மிரனும் வேலைக்குத் திரும்பிய பிறகு வருஷப்பிறப்பு வந்தது. அன்று காலையில் அவனுக்கு முதல் படையல். படையல் தட்டில் மூன்று நிறத்தில் கறி வைக்க வேண்டும்: பச்சைக்குக் கீரை, பழுப்புக்குப் பெரணிக் குருத்து, வெள்ளைக்கு டோராஜி. வேர் என்பதால் அது முன்னோருக்கு. உயிரோடு இருந்தபோது மருந்தாகக் கொடுத்ததையே செத்த பிறகு கறியாகவும் வைக்க வேண்டியிருந்தது. ஒக்சிமிடம் ஒரு வேர்கூட இல்லை. முதல்நாள் மத்தியானம் மல்ஜா கூடையோடு வந்தாள். வாசல் கல்லில் இப்போது ஆண் செருப்பு எதுவும் இல்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை, பின்பக்கம் சுற்றி அடுப்படி வழியாகவே வந்தாள்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தோல் சீவினார்கள். சீவிய வேர் பாலாய்க் கசிந்தது. மல்ஜா கத்திமுனையால் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் கீறி, நார் நாராகக் கிழித்துப் பாத்திரத்தில் போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக ஒக்சிம் அந்தச் செருப்புப் பேச்சைச் சொல்லாமலே வைத்திருந்தாள். இதைச் சொன்னால் மல்ஜா உடைந்து அழுவாள், தன்னைத் திட்டுவாள், இத்தனை வருஷத்துப் பாரம் அவளுக்கு இறங்கும் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தாள்.

"அக்கா" என்றாள். "சாங்குன் அண்ணன் போன அன்னிக்கு... செருப்பு உள்ள பாத்துத்தான் இருந்துச்சாம். மிரன் அப்பா பாத்தாராம். கடைசில சொன்னாரு."

மல்ஜாவின் கத்தி நிற்கவில்லை. கையிலிருந்த வேரைக் கிழித்து முடித்தாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "நான்தானேடி வெச்சேன்."

பிறகு பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உப்பை எடு என்றாள். ஒக்சிம் எடுத்துக் கொடுத்தாள். மல்ஜா ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு, கசப்பு இறங்கும்வரை பிசைந்தாள்.